கீழ்ப்பாதி

"மேலிருந்து கீழாக, ஒரே பக்கம், ஒரே கடிதம்." கோர்ட்டில் நான் சொன்ன இந்த ஆறு வார்த்தைகளுக்காக நஞ்சப்பன் என்ற மனிதருக்கு ஏழு வருடம் சிறை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. நான் சொன்னதில் எனக்குத் துளி சந்தேகம் இருக்கவில்லை. சந்தேகமே இல்லாமல் பேசுகிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் பெயர் வான்மதி. கோயம்புத்தூர் படிவாய்வகத்தில் முதுநிலை வாசிப்பாளர். பழைய மடிக்கணினிகளின் அணைந்துபோன திரையைப் படிப்பதுதான் வேலை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அந்தக் காலத்துத் திரைகளில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு திரவம் இருக்கும். ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால், கண்ணாடியை ஒட்டிய இடத்தில் அந்தத் திரவம் லேசாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. நாற்பது வருடம் கழித்தும் அதைப் படித்துவிடலாம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். படிவு வாசிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு அதைச் சாட்சியமாக ஏற்றுக்கொள்ளச் சட்டமும் போட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு மடிக்கணினிகள் வெளியே வந்தன. அப்பா கடைசியாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லாமல் போன அண்ணன் யாருக்கு எழுதினான் என்று தெரிந்துகொள்ள எங்கள் வாசலில் வரிசை நின்றது. பாதிக்கு மேல் சீட்டுக்கட்டு விளையாட்டுதான் கிடைத்தது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர், தன் தகப்பனார் ஒரு சீட்டு ஆட்டத்தை முடிக்காமல் விட்டுப்போயிருந்ததைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். வேறு சில வீடுகளில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. நாற்பது வருடக் கல்யாணங்கள் ஒரே மதியத்தில் முடிந்துபோயின. உண்மையைத் தெரிந்துகொண்டு சந்தோஷமாக வீடு திரும்பியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் வரிசை குறையவில்லை.

அந்த வரிசையில்தான் கிருஷ்ணவேணி அம்மாள் வந்தார். எண்பது வயதை நெருங்குகிறவர். ஒரு துண்டில் சுற்றிய கறுப்பு மடிக்கணினியைக் குழந்தையைக் கிடத்துவதுபோல என் மேசைமேல் வைத்தார்.

"எந்தம்பி தெய்வசிகாமணியோடதுங்க. தொண்ணூத்தொம்பதுல போயிட்டான். பாலிடெக்னிக்ல வாத்தியாரு. முப்பத்துநாலு வயசுல தானா உசுர விட்டுட்டான். எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க. ஒரு வரி எழுதி வெக்காம போறவன் இல்லீங்க அவன்."

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை சிகாமணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். திங்கட்கிழமை மாலை கதவை உடைத்தார்கள். மேசைமேல் மடிக்கணினி திறந்தபடி, மின்சார வயரோடு இருந்தது. பேட்டரி முன்பே போயிருந்தது; அன்று மதியம் ஊர் முழுக்கக் கரண்ட் போயிருந்ததால் இயந்திரம் அணைந்துகிடந்தது. எழுதியதை அவர் சேமிக்கவில்லை. உள்ளே தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிறகு எல்லாம் துருவேறிப்போனது. ஆனால் ஒரே பக்கம் இரண்டு நாள் நகராமல் அந்தத் திரையில் நின்றிருக்கிறது. எங்களுக்கு அது போதும்.

நான் படித்தேன். திரையின் மேல்பாதியில் இப்படி இருந்தது:

'அன்புள்ள அக்கா, இதைப் படிக்கும்போது நீ கோபப்படுவாய். கோபப்படு, அழாதே. மூன்று மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் காரணம்'

அதற்குக் கீழே:

'அவன் பெயரில் அச்சாகிவிட்டது. ஆறு வருடம் நான் எழுதிய பாடப்புத்தகத்தின் அட்டையில் நஞ்சப்பன் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டான். கூடப் பிறந்தவன்போலப் பழகியவன். இந்தத் துரோகத்தை நான் ஒருநாளும் மன்னிக்கப் போவதில்லை.'

நஞ்சப்பன் யாரென்று கிருஷ்ணவேணி அம்மாளிடம் கேட்டிருக்கவே வேண்டாம். என் அறைக்கு வெளியே பெஞ்சில் அவருடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முதியவர்தான் நஞ்சப்பன். சிகாமணியோடு அதே பாலிடெக்னிக்கில் வேலை பார்த்தவர். பாடைக்குத் தோள் கொடுத்தவர். அதன் பிறகு முப்பத்தெட்டு வருடம் அந்த அம்மாளுக்குத் தம்பி இடத்தில் நின்று, மகள் கல்யாணத்தை நடத்தி வைத்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தவர். அன்றைக்கு ஆய்வகத்துக்கு ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்ததும் அவர்தான். அந்த அம்மாள் தாளைப் படித்துவிட்டு வெளியே போய் அவர் முகத்தில் துப்பினார். பிறகு என்னிடம் திரும்பி, போலீசுக்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு. கூண்டில் ஏறி நான்தான் சாட்சி சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர்.

"மேல் வரி 'காரணம்'னு முடியுது. அடுத்தது 'அவன் பெயரில் அச்சாகிவிட்டது'ன்னு ஆரம்பிக்குது. ரெண்டும் ஒட்டலீங்களே மேடம்?"

"நடுவுல ஒரு வரி மங்கியிருக்கலாம்ங்க. மனசு ஒடைஞ்சவர் எழுதினது. கோர்வையாத்தான் இருக்கும்னு எதிர்பார்க்க முடியாது."

"அப்ப வேற ஏதாச்சும் உங்க கண்ணுக்குத் தப்பியிருக்கலாமே?"

"தப்பாதுங்க. இது பழைய ரகத் திரை. இதுக்கப்புறம் வந்த டிஎஃப்டி திரையில ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி சுவிட்ச். சட்டுனு மாறும், சட்டுனு மறந்துரும். இதுல அது கிடையாது. குறுக்கயும் நெடுக்கயும் கம்பி மட்டும்தான். மெதுவா மாறும், ஆனா நின்னதை ஆழமாப் பிடிச்சுக்கும். மினுக்கிட்டே இருக்கற புள்ளிகூட பாதி ஆழத்துக்குப் பதிஞ்சிருக்கும். மேலிருந்து கீழாக, ஒரே பக்கம், ஒரே கடிதம்."

நஞ்சப்பனிடம் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தார். "புஸ்தகம் நான் போட்டதுதானுங்க" என்றார். "தப்புத்தானுங்க. ஆனா அவன் அதை மனசுல இருந்து எடுத்துட்டான்னு நெனச்சுட்டனுங்க." நீதிபதி இதை ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்.

அது நடந்து இரண்டரை வருடம் ஆனபின், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜெசிந்தா அக்கா ஆய்வகத்துக்கு வந்தார். காந்திபுரத்தில் முப்பது வருடம் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். இப்போது கடை இல்லை. கைவசம் மிச்சமிருக்கும் பழைய திரைகளை எங்கள் கருவிகளைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்து தருவார். வாய் கொஞ்சம் அதிகம். எனக்கு அவரைப் பிடிக்கும்.

படித்து முடித்த திரைகளை நாங்கள் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்போம். அக்கா தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். சிகாமணியின் திரை முன்னால் நின்றார். அதன் கீழே நாங்கள் ஒட்டியிருந்த வாசிப்புப் படத்தைப் பார்த்தார். திரையை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார்.

"ஏம்மா மதி, இதை ஒரே பக்கமாவா படிச்சீங்க?"

"ஆமாங்க்கா. ஏன்?"

"இது டூயல் ஸ்கேன்மா. ரெட்டைத் திரை."

"டூயல் ஸ்கேன்னா அந்த மாடலோட பேருதானே?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பேரா? அடக் கடவுளே. நீங்கெல்லாம் எதைப் படிச்சு வந்தீங்க? இங்க பாரு. பழைய டவுன் பஸ்ஸுல ஒரே கண்டக்டர் மொதல் சீட்டுல இருந்து கடைசி சீட்டு வரைக்கும் டிக்கெட் போட்டு முடிக்கறதுக்குள்ள எறங்கற எடம் வந்துரும். அந்தத் திரைங்க கதையும் அதான். மேல இருந்து கீழ வரி வரியா எழுதி முடிக்கறதுக்குள்ள மேல் வரி மங்கிரும். அதுக்கு என்ன பண்ணுனாங்க? திரையை நட்டநடுவுல ரெண்டா வெட்டிட்டாங்க. முன்னாடி ஒரு கண்டக்டர், பின்னாடி ஒரு கண்டக்டர். மேல்பாதிக்குத் தனிச் சில்லு, கீழ்ப்பாதிக்குத் தனிச் சில்லு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு அது பாட்டுக்கு ஓடும்."

"ஒண்ணு செத்தா?"

"கீழ்ப்பாதி வெள்ளையாப் போயிரும். என் கடைக்கு மாசம் பத்து வரும். திரை மாத்தற வெலைக்குப் புது மிஷினே வாங்கிரலாம். அதனால பாதித் திரையிலயே ஓட்டுவாங்க. கீழ கண்ணு தெரியாம அடிச்சுட்டு, அப்பறம் பக்கத்தை மேல ஏத்திப் பாத்துக்குவாங்க. வருசக்கணக்கா அப்படியே பழகிட்டவங்க உண்டு." அவர் திரையின் அடியோரத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். அங்கே ஒரு சில்லு பழுப்பாகக் கருகியிருந்தது. "இந்தா, இது செத்துருக்கு. அந்த மனுசன் இருக்கும்போதே செத்துருக்கும். சில்லு சாகற நேரத்துல கரண்டு ஒரே பக்கமா நின்னுரும். அப்ப என்ன எழுத்து இருந்துச்சோ அது உள்ள ஊறிப்போயிரும். பாக்கறவனுக்கு வெறும் வெள்ளையாத்தான் தெரியும்."

எங்கள் ஆய்வகத்தில் இருபத்தாறு வாசிப்பாளர்கள். ஒருவர்கூட அந்தத் திரையில் ஒருநாளும் வேலை செய்தவர் இல்லை. நாங்கள் எல்லாம் பிறந்ததிலிருந்து முழுத் திரை பார்த்தவர்கள். பாதி செத்த திரையோடு குடித்தனம் நடத்தலாம் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

அக்காவை அனுப்பிவிட்டுச் சிகாமணியின் திரையை மறுபடியும் கருவியில் ஏற்றினேன். நாங்கள் கோர்ட்டுக்குக் கொடுக்கும் படத்தில் இரண்டு வேலைகள் செய்வது வழக்கம். ஆழம் ஏறக்குறைய இருந்தால் 'சமன்செய்' என்ற பொத்தானை அழுத்தி எல்லா எழுத்தையும் ஒரே கறுப்பாக்குவோம். கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத ஓரங்களை வெட்டிவிடுவோம். நீதிபதிகளுக்குப் படம் பளிச்சென்று இருந்தால்தான் பிடிக்கும். இந்த முறை சமன்செய்யவில்லை, வெட்டவுமில்லை.

திருத்தாத படம் வந்தது. நட்டநடுவில் மயிரிழை போல ஒரு கோடு. அதற்கு மேலே எழுத்துகள் மெல்லிசாக, இரண்டு நாள் ஆழத்தில். கீழே எழுத்துகள் தீய்ந்ததுபோல ஆழமாக. நான் வெட்டி எறிந்திருந்த அடிப்பட்டையில் சின்ன எழுத்தில் 'பக்கம் 2' என்று இருந்தது. 'அன்புள்ள அக்கா' என்று தொடங்குகிற பக்கம் எப்படி இரண்டாம் பக்கமாகும்? மேல்பாதி, சிகாமணி கடைசியாக எழுதியது. கீழ்ப்பாதி, அதற்கு எத்தனையோ மாதம் முன்பு, நஞ்சப்பனோடு சண்டை போட்ட காலத்தில் வேறு யாருக்கோ எழுதிய புகாரின் துண்டு. இரண்டையும் ஒட்டித் தைத்தவள் நான். மங்கிப்போன வரி என்று நடுவில் ஒட்டுப் போட்டதும் நான்தான்.

டைரக்டர் சபரிநாதன் அறைக்கு இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். படங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"டூயல் ஸ்கேன் திரை இதுவரைக்கும் எத்தனை படிச்சிருக்கோம்?"

"முந்நூத்திப் பதினெட்டு சார். அறுபத்தொரு வழக்குல தண்டனை ஆயிருக்கு. மூணு பேர் ஜெயில்லயே இறந்துட்டாங்க."

"எல்லாமே தப்பா?"

"தெரியாது சார். எல்லாத்தையும் திரும்பப் படிக்கணும்."

"படிச்சா?" அவர் குரல் உயரவில்லை. "நாளைக்கு நாம அறிவிச்சா என்ன ஆகும் தெரியுமா வான்மதி? அறுபத்தொரு பேர் மட்டும் வர மாட்டாங்க. பொண்டாட்டியக் கொன்னவனும் 'என் திரையும் ரெட்டைத் திரை'ன்னு நிப்பான். நிசமாவே செஞ்சவன் அத்தனை பேரும் வெளிய வருவான். இனிமே படிக்கறதைத் திருத்திக்கலாம். படிச்சது படிச்சதாவே இருக்கட்டும்."

"நஞ்சப்பன் செய்யல சார்."

"நாம மேல்முறையீடு பண்ண முடியாது. தண்டனை வாங்கினவர்தான் கையெழுத்துப் போடணும். போட்டார்னா நீங்க சாட்சி சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன். ஒரு வழக்கு உள்ள போனா மத்ததெல்லாம் தானா பின்னாடி வரும். ஆனா ஆய்வகம் தானா முன்வந்து எதையும் சொல்லாது. அவ்வளவுதான் என்னால முடியும்."

இவ்வளவு கிடைத்ததே எனக்கு மலைப்பாக இருந்தது. வக்கீலிடம் மனு எழுதி வாங்கினேன். புதிதாக ஒரு படம் அச்சடித்தேன். மேல்பாதியில் கடிதம் உள்ளபடி. கீழ்ப்பாதியைச் சுத்தமாக வெள்ளையாக விட்டுவிட்டேன், ஏனென்றால் அன்றைக்குச் சிகாமணி கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். 'இதற்கெல்லாம் காரணம்' என்று மேல்பாதியின் கடைசி வரி வலது ஓரத்தை ஒட்டி முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மனிதர் அந்த வார்த்தையோடு நிறுத்திக்கொண்டுவிட்டார், யார் பெயரையும் சொல்லவில்லை. இரண்டரை வருடம் கழித்து ஒருவருக்கு நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம்.

சிறையில் பார்வையாளர் அறை வெளிச்சமாக இருந்தது. நஞ்சப்பன் பாதியாக இளைத்திருந்தார். உட்கார்வதற்கு முன் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என்னை அடையாளம் தெரிந்தது.

"வாங்க அம்மிணி. நீங்கதானுங்களே படிச்சவங்க. நல்லா இருக்கீங்ளா?"

நேராக விஷயத்துக்கு வந்தேன். இரண்டு பாதி, கருகிய சில்லு, இரண்டாம் பக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார், பாதி சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

"சண்டை போட்டப்ப பிரின்சிபாலுக்குப் புகார் எழுதறேன்னு சொன்னானுங்க. எழுதுனதே எனக்குத் தெரியாது. அனுப்பல" என்றார். "அதுக்கப்பறம் அவன் மிஷினை நான் பாக்கவே இல்லீங்க. கீழ்ப்பாதி போனதும் தெரியாது."

"அந்தப் புகாரோட துண்டைத்தான் கடைசிக் கடிதம்னு நான் கோர்ட்ல சொல்லிட்டேன். தப்பு என்னோடதுங்க ஐயா. மன்னிச்சுருங்க."

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? புஸ்தகம் வந்து ஆறு மாசம் அவன் எங்கூடப் பேசுல. ஒருநாள் சாயங்காலம் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னுட்டனுங்க. என்ன பேசறதுன்னே தெரியல. அவனே வெளிய வந்தான். என்னைப் பாத்தான். 'ஏன்டா கம்பமாட்டம் நிக்கற, பசிக்குது வா'ன்னான். சிங்காநல்லூர் போய் ஆளுக்கு நாலு பரோட்டா தின்னோமுங்க. புஸ்தகத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. என் எலையில கொழம்பு தீர்ந்துபோச்சுன்னு அவன்தான் கூப்புட்டு ஊத்தச் சொன்னான். முப்பத்தெட்டு வருசம் அந்தப் பரோட்டாவை வெச்சுத்தான் நான் உசுரோட இருந்தனுங்க. அப்பறம் கோர்ட்ல நீங்க படிச்சீங்க. அவன் கடைசி வரைக்கும் மன்னிக்கலைன்னு. ஜெயிலு எனக்குப் பெருசில்லீங்க. அன்னைக்கு அவன் சிரிச்சுட்டுத் தின்னது பொய்யான்னுதான் இத்தனை நாளும் யோசிச்சுட்டு இருந்தேன்."

"பொய்யில்லைங்க. புகார் அதுக்கு முன்னாடி எழுதினது. கடைசிக் கடிதத்துல உங்க பேரே இல்ல. யார் பேரும் இல்ல."

நான் படத்தை அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் படிக்கத் தொடங்கினார். 'கோபப்படு, அழாதே' என்ற இடத்தில் நிமிர்ந்தார். "அவன் பேசற மாதிரியே இருக்குதுங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் அந்த முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "அப்ப பரோட்டா தின்னது நெசந்தானுங்க."

"நெசந்தானுங்க."

மனுவை எடுத்துக் கொடுத்தேன். பேனாவையும் கொடுத்தேன். மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு முறை படத்தைப் பக்கத்தில் இழுத்து, கடைசி வரியில் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். 'இதற்கெல்லாம்', 'காரணம்'. விரல் தாளின் வலது ஓரத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"அம்மிணி, கர்சர் எங்கீங்க?"

"என்னங்க?"

"கர்சருங்க. எழுத்துக்கு அடுத்தாப்புல மினுக்கி மினுக்கி நிக்குமே, சின்னக் கோடு. ரெண்டு நாளு நின்னிருந்தா அதுக்கும் தடம் விழுந்திருக்கோணுமே. மினுக்கற புள்ளிகூட பாதி ஆழத்துக்குப் பதியும்னு நீங்கதானுங்களே கோர்ட்ல சொன்னீங்க."

நான் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். 'காரணம்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றுமில்லை. சுத்தமான காகிதம். மேல்பாதி முழுவதிலும் எங்கேயும் அந்தக் கோடு இல்லை. அந்தத் திருத்தாத படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்? இருப்பதைத்தான் பார்த்தேன். இல்லாததைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"கீழ எறங்கிப் போயிருக்குதுங்க" என்றார் நஞ்சப்பன் மெதுவாக. வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுகிற குரல். "அவன் அந்த வரியோட நிக்கல. செத்த பாதில எழுதியிருக்கான். மேல ஏத்திப் பாக்கல."

"ஒரு வரி தள்ளி வெச்சுட்டு நிறுத்தியிருக்கலாம். ஒண்ணுமே எழுதாமக்கூட..."

"இருக்கலாமுங்க."

"எழுதியிருந்தாலும் உங்க பேருன்னு எப்படி? வேற என்னென்னவோ காரணம் இருந்திருக்கலாம். உடம்பு, வேலை..."

"இருக்கலாமுங்க. எம்பேராவும் இருந்திருக்கலாம்." அவர் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. "அதைப் படிக்க வழி இருக்குதுங்களா?"

இல்லை. கீழ்ப்பாதிக்கு அன்றைக்கு மின்சாரமே போகவில்லை. அவர் எழுதியது கண்ணாடியைத் தொடவே இல்லை. இயந்திரத்தின் நினைவில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை மதியம் கரண்டோடு போய்விட்டது. எழுதிய சிகாமணியே அந்த வரிகளைக் கண்ணால் பார்க்கவில்லை. 'அங்கே அவர் உங்கள் பெயரை எழுதவில்லை' என்று நான் சத்தியம் செய்திருக்கலாம். ஒரு பொய்யில் அந்த மனிதரை வெளியே கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அவருக்கு முன்னால் நான் ஏற்கெனவே இரண்டு முறை அடித்துச் சொல்லியிருந்தேன், இரண்டு முறையும் தப்பு. மூன்றாவது முறை வாய் வரவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

அவர் பேனாவுக்கு மூடி போட்டார்.

"ஐயா, இது வேற, அது வேற. கோர்ட்டுக்கு இது போதும். புகார் தனி, கடிதம் தனின்னு நிரூபிச்சா நீங்க வெளிய வந்துரலாம். உங்களுக்காக இல்லைன்னாலும், இன்னும் அறுபது பேர் இருக்காங்க. உங்க மனு உள்ள போனாத்தான்..."

"வெளிய வந்து யாரு மூஞ்சில முழிக்கறதுங்க? அக்கா கேட்டா என்னன்னு சொல்லட்டும்? 'உன் தம்பி என்ன எழுதுனான்னு தெரியாது, அதனால என்னை உட்டுட்டாங்க'ன்னா?" அவர் தலையை ஆட்டினார். "ரெண்டரை வருசத்துல அவன் என்னை மன்னிக்கலைங்கறது எனக்குப் பழகிப்போச்சுங்க. அதை வெச்சுட்டுத் தூங்கக்கூடக் கத்துக்கிட்டேன். இப்ப நீங்க அதையும் எடுத்துட்டீங்க. குடுக்கறதுக்கு உங்ககிட்ட வேற ஒண்ணும் இல்லை. அந்த அறுவது பேருக்கு வேற யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்க அம்மிணி. எனக்குக் கை வரல."

நான் கெஞ்சினேன். அழுதேன் என்றே நினைக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காவலர் வந்து நேரமாகிவிட்டது என்றார்.

நஞ்சப்பன் எழுந்தார். மனுவை மடிப்புக் கலையாமல் என் பக்கம் தள்ளினார். பிறகு அந்தப் படத்தை எடுத்தார். நட்டநடுவில், கடைசி வரிக்குக் கீழே, நகத்தால் கீறி மடித்து, வாத்தியார்கள் தேர்வுத் தாளைக் கிழிப்பதுபோல நேராக இரண்டாகக் கிழித்தார். எழுத்து இருந்த மேல்பாதியை என்னிடம் கொடுத்தார்.

"இதை அக்காகிட்டக் குடுத்துருங்க. அவங்களுக்கு எழுதுனது."

வெறும் வெள்ளையாக இருந்த கீழ்ப்பாதியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காவலருக்குப் பின்னால் நடந்து போனார்.